பழைய காரின் கூரை விளக்கு: ஒட்டுப் போடுவதா, புது ஒயர் இழுப்பதா, துணியையே கழற்றுவதா?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் நம்மவர்கள் வீட்டில் பழைய கார் ஒன்று இன்னும் ஓடுகிறது என்றால், பாதி நேரம் அது கல்யாணக் கார்தான். மோரிஸ் மைனரோ, ஃபோக்ஸ்வேகன் பீட்டிலோ, டபிள்யூ123 பென்ஸோ, எஞ்சினுக்கும் பெயிண்டுக்கும் தாராளமாகச் செலவழித்திருப்பார்கள். கூரை விளக்கு மட்டும் எப்போதோ அணைந்தது, அணைந்தபடியே கிடக்கும். ராத்திரி ரிசெப்ஷன் முடிந்து மணப்பெண் புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இருட்டில் பின்சீட்டைத் தடவும்போதுதான் அது ஞாபகத்துக்கு வரும்.

சரி செய்ய வழிகள் பல உண்டு. அறுந்த இடத்தை மட்டும் ஒட்டலாம். பழைய ஒயரைக் கயிறாக வைத்துப் புது ஒயரை இழுக்கலாம். பழைய பாதையைக் கைவிட்டு ஓரமாகப் புதுப் பாதை போடலாம். கூரைத் துணியைக் கழற்றி முழுசாக மாற்றலாம். எதுவும் வேண்டாம் என்று பேட்டரி விளக்கு ஒன்றை ஒட்டிவிட்டும் போகலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை ஒயரை வைத்து முடிவு செய்கிறவர்கள்தான் அதிகம். நான் துணியை வைத்து முடிவு செய்யச் சொல்வேன். ஒயர் மீட்டர் கணக்கில் விற்கிற மலிவுச் சரக்கு. ஐம்பது வருஷம் வெயிலில் காய்ந்த ரூஃப் லைனிங் கிழிந்தால் அதே துணி திரும்பக் கிடைக்காது.

அதற்கு முன்னால் ஒன்று. ஒயர் போய்விட்டது என்று நினைக்கிற கார்களில் நிறைய, ஒயர் போன கார்களே அல்ல. இசிபிங்கோ, மெர்பேங்க் மாதிரி கடலோரத்தில் நிற்கிற காரில் முதலில் கெடுவது செம்புக் கம்பி இல்லை, தொடுமுனைகள். இரண்டு முனையும் கூம்பாக இருக்கும் குழாய் பல்பைப் பிடித்திருக்கும் பித்தளைக் கவ்விகள் பச்சை பூத்து, பிடியும் தளர்ந்திருக்கும். பல்பை எடுத்துவிட்டுக் கவ்விகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, விரலால் கொஞ்சம் உள்பக்கம் நெருக்கிப் பாருங்கள். பீட்டில், டபிள்யூ123 என்றால் ஃபியூஸ் பெட்டியையும் திறக்க வேண்டும். அதில் இருப்பவை தோட்டா வடிவ ஃபியூஸ்கள், வெள்ளை 8 ஆம்பியர், சிவப்பு 16. ஃபியூஸ் எரியாமலே அதன் முனையில் கறை படிந்து கரண்ட் நின்றுபோகும். இருந்த இடத்திலேயே விரலால் உருட்டினால் விளக்கு பளிச்சென்று எரிகிற கார்கள் உண்டு. மைனரில் வேறு குறிப்பு இருக்கிறது: பிரிட்டிஷ் கார்களுக்கு எலக்ட்ரிக் சாமான் செய்த லூக்காஸ் கம்பெனியின் ஃபியூஸ் பெட்டியில் ஹாரனும் உள் விளக்கும் ஒரே ஃபியூஸில் உட்கார்ந்திருக்கும். ஹாரன் அடிக்கிறது, விளக்கு எரியவில்லை என்றால் ஃபியூஸைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

அப்புறம் கதவு சுவிட்ச். பெரும்பாலான பழைய கார்களில் விளக்குக்கு எப்போதும் கரண்ட் வந்துகொண்டே இருக்கும். கதவு சுவிட்ச் செய்வதெல்லாம் எர்த் பக்கத்தை இணைப்பதும் பிரிப்பதும்தான். கம்பெனிக்காரர்கள் சிக்கனத்துக்காகச் செய்த ஏற்பாடு இது. சுவிட்சுக்கு ஒரு ஒயர் போதும், மற்ற முனையை அதன் திருகு வழியாக காரின் பாடியே பார்த்துக்கொள்ளும். அந்தத் திருகைச் சுற்றித் துரு ஏறினால் எர்த் போச்சு, விளக்கும் போச்சு. சுவிட்சைக் கழற்றி அதன் ஒயரைச் சுரண்டிய உலோகத்தில் தொட்டுப் பாருங்கள். எரிந்தால் வேலை முடிந்த மாதிரிதான். துருவைச் சுரண்டி, கொஞ்சம் கிரீஸ் தடவி, திருகைத் திரும்ப முடுக்குங்கள்.

இவ்வளவுக்கும் மசியவில்லையா? டெஸ்ட் லைட்டின் ஒரு முனையை பாடியிலும் மறு முனையை விளக்கின் இரண்டு கவ்வியிலும் மாறி மாறி வையுங்கள். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த். டெஸ்ட் லைட்டுக்கு அதெல்லாம் ஒன்றுதான், எரியும். எந்தக் கவ்வியிலும் எரியவில்லை என்றால்தான் ஃபியூஸுக்கும் விளக்குக்கும் நடுவே ஒயர் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். இதற்கு மேல்தான் ஒப்பீட்டுக்கே வேலை.

அறுந்த இடத்தை ஒட்டுவது பார்வைக்கு எல்லாவற்றிலும் சுலபம். அறுந்த இடம் ஒரு ஓரத்தில் இருந்தால் உண்மையிலேயே சுலபம்தான். விளக்கின் ஓட்டையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ளோ, கீழே டேஷ்போர்டுக்கு அடியிலோ அறுந்திருந்தால் நல்ல கிரிம்ப் (ஒயர் முனைகளை நசுக்கிப் பிடிக்கும் உலோகக் குழாய்) போட்டு, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாயைச் சூடேற்றி மூடினால் காரின் ஆயுசுக்கும் நிற்கும். அழுத்தினால் ‘டிக்’ என்று கடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் இணைப்பான் ஒன்று ஸ்பேர் பார்ட்ஸ் கடை எல்லாவற்றிலும் தொங்குகிறதே, அது மட்டும் வேண்டாம். அதன் கத்தி இழைகளில் சிலவற்றை வெட்டிவிடும், வெட்டிய இடத்தில் ஈரக் காற்று புகும். கடலோர ஊரில் அந்த இணைப்பு விரைவிலேயே பச்சைப் பொடியாகிவிடும்.

ஆனால் ஒயர் பெரும்பாலும் ஓரத்தில் அறுவதில்லை. கூரையைத் தாங்கும் கம்பம் அதோடு சேரும் வளைவில் அறும். ரப்பர் வளையம் உதிர்ந்துபோன ஓட்டையின் கூர் விளிம்பில் உரசி அறும். எப்போதோ யாரோ சன்வைசருக்குப் போட்ட நீளத் திருகு குத்தி அறும். துருவுக்காகக் கம்பத்தில் வெல்டிங் வைத்தபோது உள்ளே வெந்தும் போயிருக்கும். கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இந்த இடங்களில் ஒட்டுப் போடுவது என்றால் அதற்காகவே துணியை அவிழ்க்க வேண்டும். அவிழ்த்துவிட்டு ஒட்டு மட்டும் போட்டு மூடுவதில் என்ன இலாபம்? இன்னொன்று, 1950களின் கார்களில் ரப்பர் உறையும் அதன்மேல் நூல் பின்னலும் போட்ட ஒயர் இருக்கும். பின்னல் நன்றாகத்தான் தெரியும். வளைத்தால் உள்ளே ரப்பர் காய்ந்த ரஸ்க் மாதிரி உதிரும். அதில் ஒரு இடத்தை ஒட்டினால் பக்கத்து இடம் திறந்துகொள்ளும். நூல் பின்னல் ஒயர் உள்ள காருக்கு ஒட்டு என்ற பேச்சே வேண்டாம் என்பது என் கட்சி.

பழைய ஒயரை வைத்தே புது ஒயரை இழுப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. துணிக்குச் சேதமில்லை, பாதை கம்பெனி போட்ட அதே பாதை, வெளியே ஒன்றும் தெரியாது. இது நடக்குமா நடக்காதா என்பதை ஒரு சின்னச் சோதனை சொல்லிவிடும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஒருவர் விளக்கு ஓட்டையில் ஒயரை இரண்டு விரலால் பிடித்திருக்க, இன்னொருவர் கீழ்முனையை மெதுவாக இழுக்க வேண்டும். மேலே விரலுக்குள் ஒயர் நெல் மணியளவு நகர்ந்தால்கூடப் போதும், பாதை திறந்திருக்கிறது. நகராமல் விறைத்து நின்றால், உள்ளே எங்கேயோ தகட்டு நாக்கால் மடக்கிப் பிடித்திருக்கிறார்கள், அல்லது டேப்பால் கட்டியிருக்கிறார்கள். பலத்தைக் காட்டாதீர்கள். பழைய ஒயர் அறுந்து வந்துவிட்டால் வழிகாட்டியும் போய்விடும்.

நகர்ந்தால் புது ஒயரை அதன் நுனியில் சேர்க்க வேண்டும். முடிச்சுப் போடக் கூடாது. முடிச்சு, ஓட்டை விளிம்பில் போய் நிற்கும். இரண்டு கம்பியையும் முனைக்கு முனை பின்னி, ஒரு துளி ஈயம் பற்றவைத்து, டேப்பைச் சாய்வாகச் சுற்றினால் அந்த இடம் கூம்பாகிவிடும். மேலே டால்கம் பவுடர் தடவி, மேலிருந்து ஒருவர் தள்ள, கீழிருந்து ஒருவர் இழுக்கலாம். கூடவே மெல்லிய நைலான் கயிறு ஒன்றையும் அனுப்பி உள்ளேயே விட்டுவிட்டால் அடுத்த தடவை கஷ்டமில்லை. கரண்ட் ஒயர் மட்டும்தான் கெட்டது என்றாலும் கதவு சுவிட்ச் ஒயரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். இரண்டும் ஒரே வயசு, ஒரே வெயிலில் காய்ந்தவை.

நிறத்தையும் காரின் வழக்கப்படியே வைப்பது நல்லது. பிரிட்டிஷ் கார்களில் ஃபியூஸ் வழியாக எப்போதும் கரண்ட் இருக்கும் ஒயர் ஊதா, விளக்கிலிருந்து கதவு சுவிட்சுக்குப் போவது ஊதாவில் வெள்ளைக் கோடு, எர்த் கறுப்பு. ஜெர்மன் கார்களில் எர்த் பழுப்பு, நிரந்தரக் கரண்ட் சிவப்பு. இதைக் கலந்துவிட்டால் அடுத்து வருகிற எலக்ட்ரீஷியனுக்கு ஆபத்து: லூக்காஸ் வழக்கில் பழுப்பு என்பது ஃபியூஸே இல்லாத பேட்டரி ஒயர்.

ஒயரின் தடிமனைப் பற்றிப் பலர் வீணாகக் கவலைப்படுகிறார்கள். 12 வோல்ட்டில் 10 வாட் பல்பு எடுப்பது ஒரு ஆம்பியருக்கும் குறைவு. 0.65 சதுர மில்லிமீட்டர் ஒயரில் நாலு மீட்டர் ஓடினாலும் 0.1 வோல்ட்கூட விழாது. 6 வோல்ட் பீட்டிலில் மட்டும் அதே பல்பு 1.7 ஆம்பியர் எடுக்கும். அதற்கு 1 சதுர மில்லிமீட்டர் போட்டால் நிம்மதி. கவலைப்பட வேண்டியது ஃபியூஸைப் பற்றி. லூக்காஸ் பெட்டியில் இருப்பது 35 ஆம்பியரில் உருகுகிற ஃபியூஸ். ஹாரனுக்கு அது சரி. கூரைக்குள் போகும் மெல்லிய ஒயர் எங்கேயாவது தகட்டில் உரசினால், அந்த ஃபியூஸ் உருகுவதற்கு முன் ஒயரே உருகும், அதுவும் காய்ந்த துணிக்கும் பஞ்சுக்கும் நடுவே. ஆகவே எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், கரண்ட் எடுக்கிற இடத்திலேயே 3 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை ஒயரோடு சேர்த்துப் போட வேண்டும். இதில் மட்டும் நான் பேரம் பேச மாட்டேன்.

ஓரமாகப் புதுப் பாதை போடுவது, பழைய ஒயர் அசைய மறுக்கும்போது கைகொடுக்கிற வழி. டேஷ்போர்டுக்கு அடியில் கரண்ட் எடுத்து, முன்கம்பத்தின் ஓரத்தில் கதவு ரப்பர் பட்டைக்கு உள்ளே ஒயரைச் செருகிக்கொண்டே மேலே போக வேண்டும். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், பிளாஸ்டிக் பட்டை எதுவானாலும் போதும். பீட்டிலில் இது அழகாக அமையும், ஏனென்றால் அதில் விளக்கு நடுக்கூரையில் இல்லை, கதவுக்கு மேலே பக்க விளிம்பில் இருக்கிறது. விளக்கு நடுவில் இருக்கும் காரில்தான் கடைசி இரண்டு அடி தொல்லை. புல் வெட்டுகிற மெஷினில் போடும் தடித்த நைலான் கயிறு டர்பனில் எந்த வீட்டு கராஜிலும் இருக்கும். அதை விளக்கு ஓட்டை வழியாக விளிம்பை நோக்கித் தள்ளிப் பாருங்கள். கூரைத் துணியைத் தாங்கும் குறுக்குக் கம்பிகளுக்கு மேலே, தகட்டை ஒட்டிப் போக வேண்டும். விளிம்பில் துணியை ஒரு விரல் நீளம் மட்டும் பசை விட்டெடுத்து, கயிற்றின் நுனியைப் பிடித்து, ஒயரைக் கட்டி இழுத்துக்கொள்ளலாம். அந்த ஒரு விரல் நீளத்துக்கே, துணி எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஹேர் டிரையரால் சூடு காட்டியும் வளையாமல் முறுமுறுக்கிற வினைல் என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கதவு வாசல்படியின் அடியில் கம்பளத்துக்குக் கீழே ஒயரைக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்த ஊரில் அதைச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வராது. வெள்ளம் வராவிட்டாலும், பழைய காரின் தரை மழைக்காலத்தில் காய்ந்து கிடந்ததாக நான் பார்த்ததில்லை. மேல்வழியே போங்கள்.

சாட்ஸ்வொர்த்தில் கல்யாணத்துக்கு மைனர் விடுகிற மாமா ஒருவரிடம் இந்த வழிகளை எல்லாம் விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, வெளிச்சம் எங்கேருந்து வந்தா என்ன? துணியில மட்டும் கை வைக்காதே, அது எங்கப்பா தைச்சுப் போட்டது” என்றார். பிறகு பார்த்தால், பல கார்களில் இருக்கிற மாதிரி அவர் காரிலும் கூரை விளக்கிலேயே சின்னச் சுவிட்ச் ஒன்று இருந்தது. கதவு சுவிட்ச் ஒயரே அவருக்குத் தேவையில்லை. ஓரமாக ஒரு கரண்ட் ஒயர், பக்கத்துத் திருகில் ஒரு எர்த், அவ்வளவுதான். கதவைத் திறந்தால் தானாக எரிய வேண்டும் என்ற ஆசையை விட்டால் வேலை பாதியாகக் குறையும் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

துணியைக் கழற்றி முழு ஒயரையும் மாற்றுவதற்கு ஒரே ஒரு நியாயம்தான் உண்டு: துணி எப்படியும் வெளியே வரப்போகிறது. தொங்கிப் போயிருக்கிறது, கிழிந்திருக்கிறது, கூரைத் தகட்டில் துரு வேலை இருக்கிறது என்றால் தயங்க வேண்டாம். விளக்குக்காக மட்டும் கழற்றுவது என்றால் கணக்கு எங்கேயோ போகும். பீட்டில் மாதிரிக் கார்களில் துணியின் விளிம்பு கண்ணாடி ரப்பருக்கு அடியில் மடிந்திருக்கிறது. துணி வர வேண்டுமானால் கண்ணாடி வர வேண்டும். கண்ணாடியை எடுத்தால் பழைய ரப்பர் திரும்ப உட்காராது, புது ரப்பர் வாங்க வேண்டும். கழற்றிய வினைல் அதே இறுக்கத்தில் திரும்ப ஏறாது, புதுத் துணி தைக்க வேண்டும். விளக்கு எரிவதற்குள் காரின் பாதி உள்வேலை நடந்திருக்கும்.

கழற்றியே தீர வேண்டிய காருக்கு இங்கிலாந்திலிருந்து தயார் ஒயர்க் கட்டு வரவழைக்கலாம். மைனருக்கெல்லாம் பழைய நிறங்களிலேயே செய்கிறார்கள். அவர்களுக்கும் நமக்கும் ஸ்டீயரிங் வலப்பக்கம் என்பதால் நீளம் பொருந்தும். பீட்டிலுக்கு அமெரிக்காவிலிருந்து வாங்குகிறவர்கள் கவனமாக இருங்கள், அது இடப்பக்க ஸ்டீயரிங்குக்கு வெட்டியது. 1951-இலிருந்து யூட்டன்ஹேகில் நம் ஊருக்காகப் பூட்டியவை வலப்பக்கக் கார்கள். விளக்கு ஒன்றுக்காக முழுக் கட்டு வாங்குவது வீண். கூரை திறந்திருக்கும்போது இரண்டு ஒயரைப் பிளாஸ்டிக் குழாயில் கோத்து, பின்சீட்டுக்கு மேலே இன்னொரு விளக்குக்கும் சேர்த்து ஓடவிட்டால் போதும். கல்யாணக் காரில் உண்மையில் வெளிச்சம் தேவைப்படுவது அங்கேதான். எலக்ட்ரீஷியனும் துணி தைக்கிறவரும் வேறு வேறு ஆட்கள் என்றால், எலக்ட்ரீஷியன் வேலை முடித்து விளக்கை எரிய வைத்துக் காட்டிய பிறகுதான் மற்றவரைக் கூப்பிட வேண்டும்.

ஒட்டுகிற பேட்டரி விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லோட் ஷெடிங் மின்வெட்டின் புண்ணியத்தில் எல்லார் வீட்டிலும் இரண்டு மூன்று கிடக்கிறது. இந்த வாரம் கல்யாணம், வேறு நேரமில்லை என்றால் அதைப் பயன்படுத்துங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் சூடு 60 டிகிரியைத் தொடும். லித்தியம் பேட்டரியை அங்கே நிரந்தரமாக விட்டுவைப்பது சரியில்லை. ஒட்டுப் பசையும் உரிக்கும்போது வினைலின் மேல்தோலைக் கூடவே கொண்டுவரும். கல்யாணம் முடிந்த ராத்திரியே எடுத்துவிட வேண்டும்.

பல்பைப் பற்றியும் முடிவெடுக்க வேண்டும். கதவு சரியாகச் சாத்தாமல் ஒரு நாள் முழுக்க 10 வாட் பல்பு எரிந்தால் 20 ஆம்பியர்-மணி போய்விடும், சின்ன காரின் பேட்டரியில் அது பாதி. எல்இடி ஒரு வாட் என்றால் அதே ஒரு நாளில் 2 ஆம்பியர்-மணிதான். சூடும் குறைவு, பழைய பல்பு மாதிரி விளக்கின் பிளாஸ்டிக் மூடியைப் பழுப்பாக்காது. ஆகவே எல்இடிதான் என் தேர்வு, ஆனால் மஞ்சள் கலந்த வெளிச்சம் வருவதாகப் பார்த்து வாங்குங்கள். நீலம் கலந்த வெள்ளையில் தங்க நகையும் அரக்குப் புடவையும் செத்துப்போகும். போட்டோக்காரர் உங்களைத்தான் திட்டுவார். 6 வோல்ட் காருக்கு 6 வோல்ட் எல்இடி என்று கேட்டு வாங்க வேண்டும். பாசிட்டிவ் எர்த் காரில் எரியவில்லை என்றால் பல்பைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் எரியும். கதவு மூடிய பிறகும் எல்இடி மங்கலாக மினுக்கினால் குற்றம் பல்பில் இல்லை. ஏதோ ஒரு கதவு சுவிட்சில் ஈரம் இறங்கி, கொஞ்சமாகக் கரண்ட் கசிகிறது. பழைய பல்பு அதைக் காட்டிக்கொடுத்திருக்காது.

கரண்டை எங்கே எடுக்கிறார் என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரேடியோவுக்குப் போகும் ஒயர் கைக்கு எட்டுகிறது என்று அதில் சேர்த்துவிடுகிறவர்கள் உண்டு. பல கார்களில் சாவி போட்டால்தான் அதில் கரண்ட் வரும், இருட்டில் நிற்கிற காரில் விளக்கு எரியாது. ஃபியூஸ் பெட்டியில் எப்போதும் கரண்ட் இருக்கும் பக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். வேலை ஆரம்பிக்கும் முன்பே இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: ஒயர் நகரவில்லை என்றால் போன் பண்ண வேண்டும், நம்மைக் கேட்காமல் துணியில் பிளேடு வைக்கக் கூடாது.